கீமோவில் கூடப் பழகினவங்க திடீர்னு வரலன்னா விசாரிக்கலாமா?

மல்லிகைப்பந்தல் | திங்கள், இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் படிச்சிட்டுப் போறதோட சரி, இப்பதான் முதல் தடவையா எழுதறேன்.

எனக்கு மார்பகப் புற்று. ஆபரேஷன் ஆச்சு, கீமோவுல சிவப்பு மருந்து முடிஞ்சுது, இப்போ வாரா வாரம் பேக்லிடாக்செல்ங்கற மருந்து ஓடுது. ஊர் விழுப்புரம் பக்கம், சிகிச்சை சென்னையில. விடியக்காலை பஸ்ஸைப் பிடிச்சாதான் ரத்தம் குடுத்து, ரிப்போர்ட் வாங்கி, மதியத்துக்குள்ள மருந்து ஏற ஆரம்பிக்கும்.

கீமோ ஏத்தற எங்க டே கேர் வார்டுல திங்கட்கிழமைக்காரங்கன்னு ஒரு கூட்டம் சேர்ந்திருக்கு. யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. ஊர் பேர்தான். ஆரணி அம்மா, செய்யாறு சார், பண்ருட்டி அக்கா. நான் விழுப்புரம். புதுசா ஒருத்தர் வந்து உட்கார்ந்தா முதல்ல "எந்த ஊரு", அப்புறம் "எந்த இடத்துல", அப்புறம் "எத்தனாவது ஊசி". இந்த மூணு கேள்வியிலயே பாதி சொந்தம் ஆயிடறாங்க.

பண்ருட்டி அக்கா எனக்கு ரெண்டு மாசம் மூத்த பேஷன்ட். முதல் நாள் நான் பயந்து கை நீட்டினப்போ நரம்பே கிடைக்கல. சிஸ்டர் ரெண்டு இடத்துல குத்திட்டாங்க. அக்கா அவங்க பிளாஸ்க்ல இருந்த வெந்நீரை ஒரு பாட்டில்ல ஊத்தி, துண்டுல சுத்தி, "இதைக் கையில வச்சு உருட்டும்மா, நரம்பு மேல வரும்"னு குடுத்தாங்க. வந்துச்சு. நாக்கு மரத்துப்போய் எதைத் தின்னாலும் இரும்பு மாதிரி இருந்த நாள்ல நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டு வந்து குடுத்ததும் அவங்கதான். என் புருஷன்கிட்டகூட சொல்லாத விஷயங்களை அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்.

கொஞ்ச வாரமா அவங்க வரல. சிஸ்டரைக் கேட்டா "எங்களுக்குத் தெரியாதும்மா"ங்கறாங்க. போன் நம்பர் என்கிட்ட இருக்கு. வீட்ல இவரு, "நீ எதுக்கு விசாரிக்கிற, கெட்ட சேதியா இருந்தா உன்னால தாங்க முடியாது"ன்னு தடுக்கறார். ஆரணி அம்மாவும் அதையேதான் சொல்றாங்க.

விசாரிக்கலாமா? இந்த மாதிரி பழகறதே சரிதானா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

காவேரிக்கரை | திங்கள், இரவு 10:47

கண்டிப்பா விசாரிங்க தங்கச்சி. ஆனா நேரா போன் போடாதீங்க. ஒரு மெசேஜ் அனுப்புங்க. "அக்கா, நான் விழுப்புரம். உங்க நெனப்பு வந்துச்சு. பதில் போடணும்னு இல்ல, முடிஞ்சப்போ போடுங்க." அவ்வளவு போதும். "ஏன் வரல", "என்ன ஆச்சு"ன்னு கேட்காதீங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற தெம்பு அவங்களுக்கோ அவங்க வீட்டாளுங்களுக்கோ இல்லாம இருக்கலாம். பதில் எதிர்பார்க்காத மெசேஜ்னா படிக்கறவங்களுக்கும் பாரம் இல்ல.

எனக்கு சிகிச்சை முடிஞ்சு வருஷக்கணக்காச்சு. கீமோவுல எது உதவிச்சுன்னு யாராவது கேட்டா நான் பக்கத்து நாற்காலிக்காரங்களைத்தான் சொல்லுவேன். முடி தானா கொட்டறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காம முதல் ஊசி போட்ட ரெண்டாவது வாரமே மழிச்சிடணும்; தலையணைக்குப் பழைய பட்டுப் புடவைத் துணியில உறை தச்சுக்கணும்; வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணியில அடிக்கடி கொப்பளிக்கணும்; காரமான பேஸ்ட் வேண்டாம். கடைசி ரெண்டையும் டாக்டரும் சொன்னார்தான். ஆனா வாய்ப்புண்ணோடவே ஒருத்தி உட்கார்ந்து இட்லியை மோர்ல பிசைஞ்சு சாப்பிட்டுக் காட்டினப்பதான் நானும் சாப்பிட்டேன்.

---

தறிச்சத்தம் | செவ்வாய், காலை 6:30

நான் எதிர்ப்பக்கம் பேசறேன், யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம்.

எங்கப்பாவுக்குக் கன்னத்துல புற்று. புகையிலைப் பழக்கம். டாக்டர் சதை டெஸ்ட் எழுதிக் குடுத்தார். வெளிய ஹால்ல உட்கார்ந்திருந்தப்போ பக்கத்துல இருந்த ஒரு பேஷன்ட், "ஊசி பட்டா பரவிடும், கத்தி பட்டா ஆறு மாசம்தான், எங்க மச்சானுக்கு அப்படித்தான் ஆச்சு"ன்னு சொல்லிட்டார். அந்த மனுசன் கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா எங்கப்பா அன்னைக்கே எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டார். திரும்ப அவரை அங்க கூட்டிட்டுப் போறதுக்குள்ள கட்டி கழுத்து நெறி வரைக்கும் வந்திருச்சு. பயாப்ஸியால புற்று பரவறதில்லன்னு அப்புறமா டாக்டர் படம் வரைஞ்சு புரிய வச்சார். போன நாள் திரும்பி வருமா?

இன்னொன்னு, ஒப்பிட்டுப் பார்க்கறது. "அவருக்கு முப்பது கரண்ட்தானே (ரேடியேஷனைத்தான் அப்படிச் சொல்லுவோம்) வச்சாங்க, எனக்கு ஏன் முப்பத்தஞ்சு?" "அவருக்கு ஆபரேஷன் பண்ணினாங்க, எனக்கு ஏன் பண்ணல?" தெனம் ராத்திரி இதே பேச்சு. வெயிட்டிங் ஹால் சிநேகம் எங்க வீட்ல தூக்கத்தைத்தான் கெடுத்துச்சு.

பழகுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா மருந்துப் பேச்சு மட்டும் டாக்டர்கிட்டயே இருக்கட்டும்.

---

இரவுப்பணி | செவ்வாய், காலை 8:15

நான் புற்றுநோய் வார்டுல வேலை பார்க்கற நர்ஸ். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல முடியாது.

மல்லிகைப்பந்தல், உங்க சிஸ்டர் "தெரியாது"ன்னு சொன்னதுல கோபப்படாதீங்க. ஒரு நோயாளியைப் பத்தி இன்னொரு நோயாளிகிட்ட நாங்க பேசக்கூடாது. தெரிஞ்சாலும் தெரியாதுன்னுதான் சொல்லணும். அப்படிச் சொல்லிட்டு நகர்றது எங்களுக்கும் லேசில்ல.

ஆனா ஒருத்தர் வரலன்னா உடனே கெட்டதா நினைக்க வேண்டியதில்ல. வெள்ளை அணு குறைஞ்சிருந்தா ஒரு வாரம் தள்ளிப் போடுவோம். அடுத்த தடவை வேற கிழமைக்கு மாத்திடுவாங்க, அப்புறம் அதே கிழமையிலயே தொடரும். திங்கட்கிழமைக்காரங்க வியாழக்கிழமைக்காரங்க ஆயிடறது சகஜம். கீமோ முடிஞ்சு ரேடியேஷனுக்குப் போனா கட்டடமே வேற. ரேடியேஷன் வாரத்துல அஞ்சு நாள்ங்கறதால வீட்டுக்குக் கிட்ட இருக்கற ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்கிட்டுப் போறவங்களும் உண்டு. காப்பீட்டு அப்ரூவல் வரலன்னு வீட்ல காத்திருக்கறவங்களையும் பார்த்திருக்கேன். கூட வர ஆள் இல்லாம நின்னுட்டவங்களும் இருக்காங்க, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

தறிச்சத்தம் சொன்னதை முழுசா ஒத்துக்கறேன். மார்பகப் புற்றுன்னு ஒரே பேர்ல சொன்னாலும் ஹார்மோன் ஏற்பி இருக்கா, ஹெர்2ங்கற புரதம் அதிகமா இருக்காங்கறதைப் பொறுத்து வைத்தியமே மாறும். பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஏறற மருந்தைப் பார்த்து உங்களுக்குக் குறைச்சல்னு நினைச்சுக்காதீங்க.

பேஷன்டுங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறதுல நான் மெச்சற விஷயமும் ஒண்ணு உண்டு. கீமோவுக்கு நடுவுல காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டா, பாரசிட்டமால் போட்டுட்டுப் படுக்காம நடுராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு நாங்க தலைபாடா அடிச்சுக்கறோம். பாதிப்பேர் கேட்கறதில்ல. "எனக்கு அப்படித்தான் ஆச்சு, ஐசியூ வரைக்கும் போனேன்"னு பக்கத்து நாற்காலியில இருந்து ஒருத்தர் சொன்னா மறுநாளே தெர்மாமீட்டர் வாங்கிடறாங்க.

---

ஏரிக்கரை | செவ்வாய், மதியம் 1:05

பெண்களாவது பேசிக்கறீங்க. ஆம்பளைங்க பக்கம் வேற மாதிரி.

எனக்குத் தொண்டை. காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா ஆஸ்பத்திரியில கரண்ட் வச்சாங்க, கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின், அது கீமோ மருந்து. அண்ணாவையே கொண்டுபோன நோய்தானே இதுன்னு 1969 கதையைப் பேசிக்கிட்டே முதல் நாள் என் தம்பி கூட்டிட்டுப் போனான். முகத்துக்கு வலை மாதிரி ஒரு மாஸ்க் செஞ்சு, அதைப் போட்டு மேசையோட பூட்டிடுவாங்க. அசையக் கூடாது. சில நிமிஷம்தான், ஆனா முதல் வாரம் அது எனக்குப் பெரிய மலை.

வெளிய பெஞ்சுல நாங்க வரிசையா உட்கார்ந்திருப்போம். எல்லார் கழுத்துலயும் வெள்ளைத் துண்டு, எல்லார் கழுத்தும் கருத்துப்போய் இருக்கும். யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. வாய்ப்புண்ணு ஒரு காரணம். இன்னொன்னு, பேசினா எங்க உடைஞ்சு போயிடுவோமோன்னு. நானும் அப்படித்தான் இருந்தேன்.

அங்க ஒரு பெரியவர், குரல்வளையை எடுத்துட்டவர், கழுத்துல ஓட்டையோட செக்கப்புக்கு வருவார். குரல் கிடையாது. சட்டைப்பையில ஒரு சின்ன நோட்டு, பென்சில். எனக்கு மூக்குக் குழாய் போட்ட மறுநாள் என் பொண்டாட்டி சிரிஞ்சுல கஞ்சியை அழுத்தித் தள்ளினா, எனக்கு வயித்தைப் பொரட்டுச்சு. அவர் எழுந்து வந்து, சிரிஞ்சோட பிஸ்டனைக் கழட்டிட்டு, வெறும் குழலைக் குழாய்ல மாட்டி, என் தலைக்கு மேல உயரமாப் பிடிச்சு, கஞ்சியை மெள்ள ஊத்தினார். தானா இறங்குச்சு. நோட்டுல எழுதிக் காமிச்சார்: "அழுத்தாதே. உயர்த்து. முடிஞ்சதும் வெறும் தண்ணி." நர்ஸம்மா இதைச் சொல்லியிருப்பாங்க, அந்தப் பதட்டத்துல எங்களுக்குக் காதுல ஏறியிருக்காது.

அதுக்கப்புறம்தான் எங்க பெஞ்சுல நோட்டு வாங்கற பழக்கம் வந்துச்சு. பேச்சு வராதவங்க எல்லாரும் எழுதி எழுதிப் பேசினோம். எச்சில் ஊறாத வாய்க்கு எது இறங்கும், மாடு கன்னு போட்டுச்சா, பையன் பரீட்சை என்ன ஆச்சு, எல்லாம்.

---

மூலிகைத்தோட்டம் | செவ்வாய், மதியம் 2:20

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர் | செவ்வாய், மதியம் 2:41

கஷாயத்தால் புற்று கரையும் என்ற பதிவை நீக்கியிருக்கிறோம். முள் சீத்தா இலையானாலும் வேறு எதுவானாலும், கீமோ ஓடும்போது சாப்பிட நினைத்தால் முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தொடர்ந்து பேசுங்கள்.

---

பழைய பேராசிரியர் | செவ்வாய், மாலை 5:50

"இப்படிப் பழகுவதே சரிதானா" என்ற கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். என் மனைவியின் சிகிச்சைக் காலத்தில் தேடிப் படித்தது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், பரவிய மார்பகப் புற்று இருந்த 86 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ஒரு பகுதியினர் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கூடி, சாவு பயம் உட்பட எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசினார்கள். 1989இல் லான்செட் இதழில் முடிவு வந்தபோது மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது. கூடிப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதமும் மற்றவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்திருந்தார்கள்.

கனடாவில் பமேலா குட்வின் குழுவினர் 235 பெண்களை வைத்து அதைத் திரும்பச் செய்தார்கள். 2001இல் வந்த முடிவில் ஆயுளில் வித்தியாசம் இல்லை. பிற்பாடு ஸ்பீகலே மறுபடி செய்து பார்த்தபோதும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. ஆனால் குட்வின் ஆய்வில் கூட்டத்துக்கு வந்த பெண்களுக்கு மனக்கலக்கம் குறைந்திருந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. தொடக்கத்தில் அதிகம் கலங்கியிருந்தவர்களுக்குத்தான் கூடுதல் பலன்.

ஆக, சக நோயாளியோடு பேசினால் ஆயுள் நீளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலியும் கலக்கமும் குறைகிறது என்பது உண்மை. என்னைக் கேட்டால் பழகுவதற்கு அதுவே போதுமான காரணம்.

இன்னொரு செய்தி. நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணி 1952இல் மார்பக அறுவை முடிந்து வந்தவர். கையை எப்படி அசைப்பது, உள்ளாடைக்கு என்ன செய்வது என்று சொல்ல அவருக்கு ஒருவரும் இல்லை. தேறியதும் அவரே ஒரு ரப்பர் பந்து, கொஞ்சம் கயிறு, தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் பொய்மார்பு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, புதிதாக அறுவை முடிந்த பெண்களின் படுக்கையைத் தேடிப் போக ஆரம்பித்தார். மருத்துவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதைத் தன் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. உங்கள் பண்ருட்டி அக்கா வெந்நீர்ப் பாட்டிலோடு செய்ததும் அந்த வேலைதான் அம்மா.

---

பனங்கூடல் | செவ்வாய், இரவு 11:30

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில. இந்த இழையை வாசிச்சிட்டு நித்திரை வரேல்ல, அதுதான் எழுதுறன்.

2008இல கொழும்புக்குக் கிட்ட மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில நிண்டனான். அப்ப சண்டையால யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை பூட்டு. கப்பலில திருகோணமலைக்கு வந்து, அங்கயிருந்து கொழும்பு. கூட அம்மா மட்டும். எங்களுக்குச் சிங்களம் தெரியாது. பக்கத்துக் கட்டிலில மாத்தறைப் பக்கத்து மனுசி ஒராள். அவவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவவின்ர மகன் ஆமியில. படத்தைக் காட்டினவ. நான் என்ன சொல்லுறதெண்டு தெரியாமல் பாத்துக்கொண்டு இருந்தனான். எங்கட வீட்டு நிலவரம் அப்ப அப்பிடி.

ஒருநாள் இரவு எனக்குக் குளிர் நடுக்கம். அம்மா கீழ பாயில அசந்து நித்திரை. அந்த மனுசி தன்ர சேலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு எழும்பி வந்து, என்ர நெத்தியில கை வச்சுப் பாத்திட்டு, வார்டு முழுக்கக் கேக்கிற மாதிரி நர்ஸைக் கூப்பிட்டவ. விடியுமட்டும் "நங்கி, நங்கி" எண்டு என்ர காலைத் தடவிக்கொண்டே இருந்தவ. நங்கி எண்டால் தங்கச்சி. அடுத்த நாளில இருந்து நானும் அவவை அக்கா எண்டுதான் கூப்பிட்டனான். அந்தச் சொல் ரெண்டு பேருக்கும் விளங்கும்.

டிஸ்சார்ஜ் ஆகேக்க விலாசம் எழுதி வாங்கவேணும் எண்ட யோசினை எங்களுக்கு வரக்கூடிய காலமில்லை அது. 2011இல ரெண்டு பேர் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையில வெளிக்கிட்டு வடக்கு முனை பருத்தித்துறை மட்டும் 670 கிலோமீற்றர் நடந்து தெல்லிப்பளை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்தவை. தெற்குச் சனமும் வழிவழியா கூட நடந்ததைப் படத்தில பாத்தன். தெய்வேந்திரமுனையும் மாத்தறைப் பக்கம்தான். அந்தக் கூட்டத்துக்குள்ள அவவின்ர முகத்தைத் தேடினனான்.

தங்கச்சி, உங்களிட்ட நம்பர் இருக்கு. எடுத்துக் கதையுங்கோ.

---

மல்லிகைப்பந்தல் | வியாழன், இரவு 9:20

எல்லாருக்கும் நன்றி. காவேரிக்கரை அக்கா சொன்ன மாதிரியே மெசேஜ் போட்டேன். நேத்து சாயந்திரம் அவங்க பொண்ணு பதில் போட்டா. அக்கா வீட்லதான் இருக்காங்க. ஈரல்ல பரவியிருக்காம். கீமோவை நிறுத்திட்டாங்க. "அம்மா உங்களைக் கேட்டுட்டே இருந்தாங்க, விழுப்புரத்துக்கு எத்தனை ஊசி ஆச்சுன்னு கேட்டாங்க"ன்னு எழுதியிருக்கா.

அழுது முடிச்சேன். இவரும் கூடவே உட்கார்ந்திருந்தார், ஒண்ணும் சொல்லல.

இப்போ வேற ஒரு கஷ்டம். அக்காகிட்ட என்ன பேசறது? எனக்கு ஸ்கேன் நல்லா வந்திருக்கு. முடிகூட முளைக்க ஆரம்பிச்சிருக்கு. இந்தத் தலையோட போய் அவங்க முன்னாடி எப்படி நிக்கறது? "சரியாயிடும்க்கா"ன்னு பொய் சொல்லவும் வாய் வரல.

---

செம்பருத்தி | வியாழன், இரவு 11:58

மல்லிகைப்பந்தல், நான் உங்க பண்ருட்டி அக்கா இடத்துல இருக்கறவ. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மார்பகப் புற்றுதான். முதல் சிகிச்சை முடிஞ்சு நல்லா இருந்தேன். அப்புறம் இடுப்பு வலின்னு போனா எலும்புல பரவியிருந்துச்சு. இப்போ மாத்திரையில ஓடுது, மாசம் ஒரு ஊசி எலும்புக்கு. வேலைக்குப் போறேன், சமைக்கறேன், பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறோம்.

கூட கீமோ எடுத்தவங்க சேர்ந்து ஒரு வாட்ஸாப் குழு வச்சிருந்தோம். யாருக்குக் கடைசி ஊசி முடிஞ்சாலும் கேக் வெட்டின படம் வரும். "நாம ஜெயிச்சிட்டோம்"னு எழுதுவாங்க. நானும் எழுதியிருக்கேன். எனக்குத் திரும்பி வந்துடுச்சுன்னு அந்தக் குழுவுல போட்ட அன்னைக்கு நாலு பேர் கைகூப்பற படம் போட்டாங்க. அப்புறம் யாரும் பேசல. ஒருத்தி மட்டும் தனியா, "நீ சாப்பாட்டுல கவனமா இல்லையா"ன்னு கேட்டா. அவ பயத்துல கேட்டா. நான் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா, அவ பண்ணாம இருந்தா, அவளுக்கு வராதுல்ல. புரியுது எனக்கு. ஆனா வலிச்சுது.

முன்ன ஊர்க்காரங்க தூரமா நின்னப்போ பேஷன்டுங்க பக்கத்துல வந்தாங்க. பரவிடுச்சுன்னதும் பேஷன்டுங்களே தூரமா போயிட்டாங்க. நான் போய்ச் சேர இனி எந்தக் கூட்டம் இருக்கு சொல்லுங்க.

அதனால உங்ககிட்ட கேட்டுக்கறேன். போங்க. முளைச்ச முடியோட போங்க. உங்க அக்கா அதைத் தொட்டுப் பார்ப்பாங்க பாருங்க. உங்களுக்கு நல்லாயிட்டு வர்றதுல அவங்களுக்குப் பொறாமை இருக்கும்னு நினைக்காதீங்க. எத்தனை ஊசி ஆச்சுன்னு கேட்டிருக்காங்களே. அது அவங்க கையில வளர்ந்த கணக்கு.

"சரியாயிடும்"னு சொல்ல வேண்டாம். "தைரியமா இருங்க"ன்னும் சொல்லாதீங்க, தைரியமா இருந்து அலுத்துப்போச்சு. "இன்னைக்கு எப்படிக்கா இருக்கு"ன்னு கேளுங்க. இன்னைக்குன்னு கேட்டா எங்களால பதில் சொல்ல முடியும். ஆரணி அம்மா எப்படி இருக்காங்க, எந்த சிஸ்டர் மாறிட்டாங்க, யாருக்கு நரம்பு கிடைக்கல, எல்லாக் கதையும் சொல்லுங்க. அவங்க சாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா "அபசகுனமா பேசாதீங்க"ன்னு வாயை அடைக்காதீங்க. வீட்ல எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. நீங்களாவது கேளுங்க.

---

காவேரிக்கரை | வெள்ளி, காலை 5:40

செம்பருத்தி, ராத்திரியே படிச்சேன். உங்க நம்பர் குடுக்க இஷ்டம்னா தனிச்செய்தியில அனுப்புங்க. மாப்பிள்ளை பார்க்கற கதையும் கேட்கணும்.

---

இரவுப்பணி | வெள்ளி, காலை 7:55

மல்லிகைப்பந்தல், பண்ருட்டி அக்கா பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லுங்க. கீமோவை நிறுத்தினா வைத்தியம் முடிஞ்சு போச்சுன்னு பல வீட்ல நினைச்சுக்கறாங்க. வலி, வாந்தி, மூச்சுத் திணறல், தூக்கமின்மை எல்லாத்துக்கும் வைத்தியம் உண்டு. வலி தணிப்பு சிகிச்சைன்னு தனித் துறையே இருக்கு. கடலூர் மாவட்டம்தானே, அங்க 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆளுங்க வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க. 2021ல தொடங்கினது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை குடுக்க மட்டும்தான்னு நிறையப் பேர் நினைக்கறாங்க. படுக்கையில இருக்கற புற்றுநோயாளிகளுக்கான கவனிப்பும் அதுல இருக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதியச் சொல்லுங்க.

மார்ஃபின்னதும் பயப்பட வேண்டாம். டாக்டர் சொன்ன அளவுல வலிக்குக் குடுத்தா அடிமையாக்கிடும்ங்கற பயம் தேவையில்ல. 2014ல சட்டத்தைத் திருத்தி, ஆஸ்பத்திரிகளுக்கு அது கிடைக்கறதைச் சுலபமாக்கியிருக்காங்க. வலியோட ஒருத்தரும் கிடக்க வேண்டியதில்ல.

போறப்போ உங்களுக்கும் வெள்ளை அணு எவ்வளவுன்னு பார்த்துட்டுப் போங்க. கூட்டமான பஸ்ஸா இருந்தா மாஸ்க் போட்டுக்கோங்க.

---

குமரிக்கடல் | வெள்ளி, காலை 10:10

நாங்க நாகர்கோவில் பக்கம். இங்க உள்ளவங்க நிறையப் பேரு திருவனந்தபுரம் ஆர்சிசிக்குத்தான், அங்க உள்ள மண்டலப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம். எங்க மாமியாரும் அங்கதான். நர்ஸம்மா சொன்ன வலி வைத்தியத்தை அவங்களுக்கு அங்க வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். ராஜகோபால் டாக்டர் 2003ல தொடங்கின பாலியம் இந்தியாங்கற வலி தணிப்பு அமைப்பும் அந்த ஊருதான்.

ரயில்ல வாரவங்களுக்கு ஒரு தகவல். புற்றுநோயாளிக்கு சிகிச்சைக்குப் போக வர ஸ்லீப்பர்லயும் மூணாம் ஏசியிலயும் டிக்கெட் இலவசம், கூட வாரவங்களுக்கு அந்த ரெண்டுலயும் 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில அதுக்குள்ள ஃபாரத்துல டாக்டர் கையெழுத்து வாங்கணும். இது எங்களுக்கு எந்த கவுண்டர்லயும் யாரும் சொல்லல. பிளாட்பாரத்துல ஸ்கேன் கவரைப் பார்த்துட்டு ஒரு அம்மா வந்து, "நீங்களும் ஆர்சிசியா மக்கா"ன்னு கேட்டுச் சொன்னது. அதுவரைக்கும் முழு டிக்கெட் எடுத்துட்டு இருந்தோம்.

---

கிணற்றடி | வெள்ளி, மாலை 4:35

எங்கம்மாவுக்கு எண்பதுகள்ல அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வைத்தியம் நடந்துச்சு. நான் சின்னப் பையன். ஊர்ல யாருக்கும் சொல்லல. "வயித்து வலிக்கு மெட்ராஸ் போயிருக்கா"ன்னுதான் சொல்லி வச்சிருந்தோம். அக்கா கல்யாணம் நின்னுடும்னு பயம்.

வார்டுக்குள்ள போனா எல்லாரும் சத்தமா, "எனக்கு கேன்சர், உனக்கு எங்க"ன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. அம்மா அங்க இருந்தப்போதான் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்க மாட்டாங்க. முத்துலட்சுமி ரெட்டி தங்கச்சி இந்த நோய்ல போனதுனால பிறந்த ஆஸ்பத்திரி அது. 1954ல 12 படுக்கையோட ஆரம்பிச்சது. அங்க டாக்டரா இருந்த சாந்தா அம்மா அங்கேயே குடியிருந்து வார்டு வார்டா வருவாங்களாம், எங்கம்மா சொல்லிச் சொல்லிப் பூரிப்பாங்க.

தறிச்சத்தம் சொன்ன ஆபத்தும் இருக்கு. ஆனா அந்தக் காலத்துல எங்கம்மாவுக்குத் தன் நோயை அதோட பேரைச் சொல்லிப் பேச அந்த வார்டைத் தவிர உலகத்துல இடமே இல்ல. அதையும் கணக்குல சேர்த்துக்கணும்.

---

தறிச்சத்தம் | வெள்ளி, இரவு 8:00

சேர்த்துக்கறேன். செம்பருத்தி அவங்க எழுதினதைப் படிச்சதுக்கப்புறம் அப்பாகிட்டயே கேட்டேன், அங்க பழகினவங்க யாரையாவது பார்க்கணுமான்னு. ஒருத்தர் பேரைச் சொன்னார். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன். மருந்துப் பேச்சு பத்தி நான் சொன்னது அப்படியேதான் இருக்கு.

---

வேப்பம்பூ | சனி, மதியம் 12:15

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு வேலூர்ல வியாழக்கிழமை முதல் கீமோ. பெருங்குடல். கூட வர அண்ணனுக்கு லீவு கிடைக்குமான்னு தெரியல. என்ன எடுத்துட்டுப் போகணும்? என்ன சட்டை போடணும்? யாரைக் கேட்கறதுன்னு தெரியாம இங்க கேட்கறேன்.

ஏரிக்கரை | சனி, மதியம் 12:32

கை மடிக்கற அளவுக்கு லூசான சட்டை. மருந்து ஏத்த நெஞ்சுல தோலுக்கடியில போர்ட் வச்சிருந்தா முன்னாடி பட்டன் வச்சது. ஏசி குளிரும், ஒரு போர்வை. பழைய ரிப்போர்ட் எல்லாம் தேதி வரிசையா ஒரே ஃபைல்ல. போன் சார்ஜர். காலையில வெறும் வயித்தோட போகாதீங்க, ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்க.

காவேரிக்கரை | சனி, மதியம் 12:50

பெருங்குடல்னா ஆக்சலிபிளாட்டின் இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இருந்தா ஐஸ் தண்ணி, ஃபிரிட்ஜ்ல கை விடறது எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், சுருக்குன்னு குத்தும். பிளாஸ்க்ல வெதுவெதுன்னு தண்ணி கொண்டு போங்க.

செம்பருத்தி | சனி, மதியம் 1:10

வேப்பம்பூ, நான் ஆம்பூர். எனக்கும் வியாழக்கிழமை வேலூர்லதான் மாச ஊசி. அண்ணனுக்கு லீவு கிடைக்கலன்னா கவலைப்படாதீங்க. தனிச்செய்தி பாருங்க, எத்தனை மணிக்கு எங்க நிக்கணும்னு எழுதியிருக்கேன்.